துபாயில் வாங்கலாம், தொண்டாமுத்தூரில் முடியாது!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவிநாசி சாலை ஓட்டல் ஒன்றின் குளுகுளு அரங்கில் ஃபில்டர் காபி கொடுத்துப் பாலைவனம் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு மேசை கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் கோபுரங்கள். திரை நிறைய நீலக் கடல். இந்த வெயிலுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்ற பையன்களின் வாயில் 'கோல்டன் விசா' என்ற சொல் மூச்சுக்கு ஒரு தரம் வந்துபோனது.

எனக்கு முன்னால் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக, எழுபதைத் தொட்ட ஒரு பெரியவர். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்கும் வாழையும் வைத்திருப்பவர். மகன் சார்ஜாவில் இருக்கிறான். "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்கப்பா" என்று அவன் போனில் சொன்னதால் வந்திருக்கிறார். முப்பத்தெட்டாம் மாடி, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், மாதம் ஒரு சதவீதத் தவணை என்று பையன் ஒப்பித்து முடிக்கும் வரை பொறுமையாகத் தலையாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் செரிங் தம்பி. அடியில பூமி நமக்கு எத்தனை சென்ட்டுங்க வரும்?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கையிலிருந்த விலைப்பட்டியலைப் புரட்டினார். அதில் கார் நிறுத்த எத்தனை அடி, பால்கனி எத்தனை அடி என்றெல்லாம் இருந்தது. பூமி இல்லை.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு நிலம் என்பது பத்திரத்தில் வரும் சொல். பேச்சில் அது பூமிதான். "பூமி வாங்கியிருக்கறாங்க", "பூமியக் குடுத்துட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். அபார்ட்மென்டில் வீடு வாங்கினாலும் பிரிபடாத பாகம் இத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்கிற ஊர் இது. ஆகாயத்தில் வீடு வாங்கச் சொன்னால் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

பத்திரிகை ஆசிரியர் எனக்குக் கொடுத்த தலைப்பு வேறு. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்கே வீடு வாங்குவது லாபமா, வாடகைக்கு இருப்பது லாபமா என்று எழுது, இப்போது நன்றாகப் போகும் என்றார். போகும்தான். ஈரோடு, நாமக்கல், திருப்பூர், பொள்ளாச்சி எங்கே போனாலும் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார். அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரியவரின் கேள்வி என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

துபாயிலிருந்தே தொடங்கலாம். கோவையிலிருந்து சார்ஜாவுக்கு நேரடி விமானம் நான்கு மணி நேரம்; ரயிலில் சென்னை போய்ச் சேர்வதைவிடக் குறைவு. அதனாலேயே அது வெளிநாடு என்ற நினைப்பு நம் ஆட்களுக்குப் பாதிதான். போய் இறங்கியவனுக்கு முதல் அதிர்ச்சி வாடகை. நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாதாமாதம் கட்டுவோம். அங்கே ஒரு வருஷ வாடகைக்கும் சேர்த்து முதலிலேயே செக் எழுதித் தர வேண்டும். ஒரே செக்காகக் கொடுத்தால் வாடகை கொஞ்சம் குறையும். நாலு செக், ஆறு செக் என்று பிரித்தால் ஏறும். போதாததற்கு வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாகக் கரண்ட், தண்ணீர் பில்லோடு சேர்ந்து மாதாமாதம் வரும். வாடகைக்குப் பயந்து சார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்ப்பவர்கள் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் ரோட்டிலேயே கழிக்கிறார்கள். வருமான வரி கிடையாது என்று ஊரில் நாம் பெருமை பேசுகிறோம். அந்த மிச்சத்தை இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம் வாங்கிக்கொள்கிறது.

இப்படி வருஷம் தவறாமல் செக் கிழிப்பவனுக்கு, இந்தக் காசைத் தவணையாகக் கட்டினால் வீடே சொந்தமாகிவிடுமே என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. அந்த இடத்தில்தான் ஓட்டல் அரங்கு அவனைப் பிடிக்கிறது. அவன் அங்கே மாட்டாவிட்டால் அவன் அப்பாவை இங்கே பிடிக்கிறது.

வெளிநாட்டவர் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்று துபாய் 2002-இல் அறிவித்து, 2006-இல் சட்டமாக்கியது. கட்டி முடிக்காத கட்டடத்துக்குக் கொடுக்கும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது 2007-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கடுத்த வருஷமே உலகம் முழுக்கச் சரிந்தபோது அங்கே வீட்டு விலை ஏறக்குறையப் பாதியானது. இது அரங்கில் இருந்த யாருக்கும் நினைவில்லை. 2021-க்குப் பிறகு விலை ஏறியது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

பத்து லட்சம் திர்ஹாம் வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள விதிப்படி வெளிநாட்டவரின் முதல் வீட்டுக்கு, கட்டி முடித்த வீடானால், வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரும். கையிலிருந்து இரண்டு லட்சம். பதிவுக்கு 4 சதவீதம், தரகுக்கு 2 சதவீதம், அறுபதாயிரம். வீட்டுக்குள் ஒரு கட்டில் போடுவதற்கு முன்பே 2 லட்சத்து 60 ஆயிரம் திர்ஹாம் போய்விடும். நம் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல். அப்புறம் சதுர அடிக்கு இவ்வளவு என்று வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம், வீடு பூட்டிக் கிடந்தாலும். பத்து வருஷக் கோல்டன் விசா வேண்டுமென்றால் வீடு 20 லட்சம் திர்ஹாம் பெறுமானம் இருக்க வேண்டும், அதாவது நாலரைக் கோடிக்கு மேல். அரங்கில் விசாவைப் பற்றிச் சத்தமாகவும் இந்தத் தொகையைப் பற்றி மெதுவாகவும் பேசினார்கள்.

பதிவுச் செலவில் மட்டும் அவர்களுக்கு நம்மைவிட ஒரு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 2023 வரை 11 ஆக இருந்தது.

திறந்த கதவும் சாத்திய கதவும்

துபாய் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மற்ற ஊர்கள் சாத்திக்கொண்டே வருகின்றன. சிங்கப்பூரைப் பாருங்கள். வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத்தீர்வை என்று 2011-இல் 10 சதவீதத்தில் ஆரம்பித்தார்கள். 2013-இல் 15, 2018-இல் 20, 2021-இல் 30. 2023 ஏப்ரலில் ஒரே தாவலாக 60. பதினைந்து லட்சம் வெள்ளிக்கு வீடு வாங்கினால் அரசாங்கத்துக்கு ஒன்பது லட்சம் வெள்ளி. நிரந்தரவாசி ஆகிவிட்டால் முதல் வீட்டுக்கு 5 சதவீதத்தோடு போகும். ஆகாதவன் வாடகைக்குத்தான் இருந்தாக வேண்டும். கார் வாங்கும் அனுமதிச் சீட்டே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் போயிருக்கும் ஊர் அது. பத்து வருஷம்தான் அந்தச் சீட்டுக்கு ஆயுள். பல்லடத்தில் அந்தக் காசுக்குச் சீட்டில்லாமல் ஐந்தாறு கார் வாங்கி வாசலில் நிறுத்தலாம்.

கனடா 2023 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கவே தடை போட்டது. இரண்டு வருஷம் என்றார்கள், பிறகு 2027 ஜனவரி வரை நீட்டினார்கள். வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு நிபந்தனையோடு ஒரு வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியாவும் ஏற்கெனவே குடியிருந்த பழைய வீடுகளைத் தற்காலிக விசாக்காரர்கள் வாங்க 2025 ஏப்ரலிலிருந்து இரண்டு வருஷத்துக்குத் தடை போட்டிருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை என்பது எல்லா நாட்டிலும் சொல்லும் காரணம். நியாயமும் கூட. கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் வாடகை ஏறும்போது நாமும் வெளியூர்க்காரர்களைத்தானே சொல்கிறோம்?

அமெரிக்காவை நான் நீட்டப் போவதில்லை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் முப்பது வருஷக் கடனில் வீடு வாங்குகிறார்கள். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். முப்பது வருஷத்தையும் அறுபது நாளையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு தூங்கும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை.

கதவு சாத்துவது என்றால் தமிழர்களில் அதை முழுசாக அனுபவித்தவர்கள் செட்டிநாட்டுக்காரர்கள். கீழ்ப் பர்மாவில் அவர்கள் நிலம் வாங்கப் போகவில்லை, வட்டிக்குக் கொடுக்கப் போனார்கள். 1930-களில் அரிசி விலை படுத்தபோது கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த வயல்தான் கைக்கு வந்தது. 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1930-களின் கடைசியில் அது நாலில் ஒரு பங்கு. அத்தனை வயலும் பத்திரத்தோடு, முறைப்படி, கோர்ட்டு ஒப்புக்கொண்ட உரிமையோடு. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது மலை தாண்டி நடந்து வந்தார்கள். 1948-இல் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பத்திரங்களில் சில இன்றும் காரைக்குடிப் பெட்டகங்களில் இருக்கக்கூடும். அவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்: ஊரிலிருந்த வீட்டை விற்றுப் பர்மாவில் நிலம் வாங்கவில்லை. அங்கே சம்பாதித்ததை இங்கே கொண்டுவந்து தேக்கும் சுண்ணாம்புமாகக் கட்டினார்கள்.

நாம் போகும் திசை எதிராக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

ரெண்டு ஏக்கர் குடுத்துட்டோமுங்க

அறுபது லட்சம் முன்பணம் என்று மேலே ஒரு கணக்குப் போட்டேனே, அது எங்கிருந்து வருகிறது? பையன் சேமித்தது பாதி இருக்கும். மீதிக்கு இங்கே பார்க்கிறார்கள். காங்கேயத்திலும் சூலூரிலும் கிணத்துக்கடவிலும் இந்த வாக்கியத்தை இப்போது சாதாரணமாகக் கேட்க முடிகிறது: "ரெண்டு ஏக்கர் குடுத்துட்டுப் பையனுக்கு அனுப்பிச்சுட்டோமுங்க." கல்யாணத்துக்கு விற்ற காலம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு விற்ற காலம் உண்டு. போர் போட்டுப் போட்டு ஆயிரம் அடி போயும் தண்ணீர் வராமல் விற்றதும் உண்டு. முப்பத்தெட்டாம் மாடிக்காக விற்பது புதுசு.

விற்பதற்கு வரிச் சட்டமும் வழி விடுகிறது. கிராமத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டர் தாண்டினால் அது வரிக்கணக்கில் கிராமம். கோவை மாநகராட்சிக்கு இந்த அளவுதான். ரோட்டுத் தூரம் கணக்கில் வராது. அதனால் புரோக்கர்கள் போனில் வரைபடத்தை விரித்து மாநகராட்சி எல்லைக்கும் நம் வேலிக்கும் ஒரு கோடு இழுத்து, "எட்டேகால் வருதுங்க, ஒரு பைசா வரி இல்லீங்க" என்கிறார்கள். பணம் வெள்ளையாக, முழுசாகக் கைக்கு வந்துவிடுகிறது.

அனுப்புவதும் முன்போல் கஷ்டமில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி இங்கே வசிக்கும் ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்கவும் அனுப்பலாம். பத்து லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் வரிமுன்வசூல் என்று வங்கியே பிடித்துக்கொள்ளும். அறுபது லட்சம் அனுப்பினால் ஐம்பது லட்சத்துக்கு, அதாவது பத்து லட்சம். தோட்டத்து வருமானம் தவிர வேறெதுவும் இல்லாத பெரியவருக்கு அது ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். ஆனால் வாழ்நாளில் ரிட்டர்ன் போட்டே பழக்கமில்லாதவர் முதன்முதலாக ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வேண்டும். துபாய் வீட்டைத் தன் பெயரிலும் எழுதிக்கொண்டார் என்றால் வருஷா வருஷம் வெளிநாட்டுச் சொத்தென்று ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் வருஷத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி அபராதம் பத்து லட்சம். இதை அரங்கில் யாரும் சொல்லவில்லை. சொல்லும் இடமும் அது இல்லை.

இனிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த சங்கதி. விற்ற இந்த ரெண்டு ஏக்கரைப் பையனால் திரும்ப வாங்க முடியாது. காசில்லாமல் அல்ல. சட்டம் விடாது.

வேலைக்கென்று நாட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து, 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் அவன் வெளியே வசிப்பவன். கோவையில் வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். விவசாய பூமி, பண்ணை வீடு, எஸ்டேட் இந்த மூன்றையும் வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. போவதற்கு முன் வாங்கியிருந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்பா காலத்துக்குப் பின் வாரிசாக வந்தாலும் வைத்துக்கொள்ளலாம். விற்றாலும் யாருக்காவது கொடுத்தாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். ஊருக்கே திரும்பி வந்து குடியேறினால் மறுபடி வாங்கலாம். கனடா பாஸ்போர்ட்டோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ எடுத்துவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் அந்த ஒரு கதவை மட்டும் திறப்பதில்லை.

துபாயில் முப்பத்தெட்டாம் மாடியை அவன் நாளைக்கே வாங்கலாம். அப்பாவின் வேலியை ஒட்டி ஒரு ஏக்கர் வாங்க முடியாது.

வெளிநாட்டுப் பணம் வந்து விவசாயியை விரட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். கொங்கு நாட்டில் அது நடத்தும் வேடிக்கையைப் பாருங்கள். தென்னையோடு இருக்கும் தோட்டத்தை வெளிநாட்டுப் பையன் வாங்க முடியாது. அதே தோட்டத்தில் மரத்தைச் சாய்த்து, கிணற்றை மூடி, செம்மண் ரோடு போட்டு, முகப்பில் வளைவு கட்டி, டி.டி.சி.பி. அனுமதி வாங்கிக் கல் நட்டுவிட்டால் அது சைட். சைட் வாங்கலாம்! அன்னூர் ரோட்டிலும் பொள்ளாச்சி ரோட்டிலும் வரிசையாக முளைத்திருக்கும் அந்த மஞ்சள் கல்லுகளில் எத்தனை கல் துபாய்ப் பணம், எத்தனை கல் டெக்சாஸ் பணம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஆசை. தோட்டத்தைத் தோட்டமாகவே வைத்துக்கொள்ள நினைப்பவனுக்குத் தடை. மனையாக்கிய பிறகு வாங்குபவனுக்கு ரத்தினக் கம்பளம். வார இறுதிப் பண்ணை, நாங்களே பராமரித்துத் தருகிறோம் என்று வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வரும் விளம்பரங்களைக் கண்டால் முதலில் பட்டாவில் புன்செய் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த விளம்பரம் உங்களுக்கானது இல்லை.

சரி, அப்பா பேரில் வாங்கிவிட்டால் போகிறது என்பார்கள். பத்தில் எட்டுப் பேர் செய்வது அதுதான். பையன் பணம் அனுப்புகிறான், அப்பா கிரயம் வாங்குகிறார், வில்லங்கம் பார்த்துப் பட்டா மாற்றுகிறார். மகன் அப்பாவுக்குப் பணம் கொடுப்பதற்கு வரி இல்லை. கொடுத்தால் கொடுத்ததுதான், பூமி அப்பாவுடையது. 'பணம் என்னுது, பேர் மட்டும் அவருது' என்று மனசுக்குள் வைத்திருந்தால் பினாமிச் சட்டத்தின் வாசலில் நிற்கிறீர்கள். 2016-இல் அதைக் கடுமையாக்கிவிட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் கண்ணை மூடினால் அம்மா, அண்ணன், தங்கச்சி எல்லோருக்கும் சம பங்கு. பதினைந்து வருஷம் வெயிலில் நின்று அனுப்பிய பணத்தில் மூன்றில் ஒன்றோ நாலில் ஒன்றோதான் திரும்ப வரும். தம்பி பேரில் வாங்கியவர்கள் கதை இன்னும் மோசம். அண்ணன் வருஷத்துக்கு இருபது நாள் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போகிறான், தம்பி முந்நூற்று நாற்பது நாள் தண்ணீர் கட்டுகிறான். பங்காளிச் சண்டைக்கு இதைவிட நல்ல விதை வேண்டுமா? பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் வேர்வாடல் நோய் வந்து தோப்பே மொட்டையான பிறகும் கோர்ட்டில் வழக்கு மட்டும் பச்சையாக நிற்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சார்ஜாவில் கணக்காளராக இருக்கும் கோபிச்செட்டிபாளையத்துப் பெண்மணி ஒருவர், "தோட்டத்து வேலைக்கு ஆளு எங்கீங்க இருக்குது, வித்து இங்க வாங்குனா மாசமானா வாடகையாச்சும் வரும்" என்றார். மறுக்க முடியாத கேள்வி. அவருக்குப் பதில் என்னிடம் இல்லை.

ஒரு காலத்தில் பெண் பார்க்கப் போகும் இடத்தில் முதல் கேள்வி, "தோட்டம் எத்தனை ஏக்கருங்க? கிணத்துல தண்ணி இருக்குதுங்களா?" இப்போது "பையன் எந்த நாட்டுலீங்க? பி.ஆர். வந்துருச்சுங்களா?" கேள்வி மாறியது தப்பில்லை. ஆனால் பழைய கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும் என்று இன்னும் எதிர்பார்க்கிறார்கள். பி.ஆர். வாங்கிய மாப்பிள்ளைக்கும் ஊரில் நாலு ஏக்கர் இருந்தால்தான் கௌரவம். அந்தக் கௌரவத்தை அவன் இனி விலைக்கு வாங்க முடியாது, அப்பாவிடமிருந்து வந்தால்தான் உண்டு என்ற சேதி மட்டும் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் நாள் பெரும்பாலும் பத்திர எழுத்தர் ஆபீசில் வருகிறது.

தொண்டாமுத்தூர்ப் பெரியவருக்கும் அங்கேதான் வந்தது. அரங்கில் பார்த்ததற்குப் பதினைந்து நாள் கழித்து அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாக்கு மரத்துக்கு அடியில் முந்தின வாரம் யானை வந்து மிதித்துப்போட்ட வாழைக்கட்டைகள் அப்படியே கிடந்தன. துபாய் என்ன ஆயிற்று என்றேன்.

"அத உடுங்க. அடியில பூமி இல்லாத ஊட்ட என்ன பண்றது? எனக்கு இங்கயே ஒரு ரோதனை வந்து சேந்துருச்சுங்."

ரோதனை என்பது எண்பது சென்ட். வேலிக்கு அந்தப் பக்கம் பங்காளி ஒருவருடைய பூமி. அவர் பிள்ளைகள் பெங்களூரில் வீடு வாங்குகிறார்கள், விற்கப் போகிறார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் பங்குக் கிணறு. தாத்தா காலத்தில் வெட்டியது. வாரத்தில் மூன்று நாள் அவருக்கு, நாலு நாள் இவருக்கு முறைத் தண்ணீர். அந்த எண்பது சென்ட்டோடு மூன்று நாள் தண்ணீரும் கைமாறும். வெளியாள் வாங்கிச் சைட் போட்டால் கிணற்றில் பாதி யாருடையது? இந்த ஒரு கேள்வியில் பெரியவர் பத்து நாள் தூங்கவில்லை.

சேதி கேட்டதும் சார்ஜாப் பையன், துபாய் வேண்டாம், அந்தப் பணத்தில் இதை வாங்கிவிடலாம், என் பெயரிலேயே எழுதுங்கள் என்றிருக்கிறான். தூதரகத்தில் கையெழுத்துப் போட்டுப் பவர் அனுப்புகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை. பத்திர எழுத்தர் கணினியில் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் அடித்துவிட்டு விலாசம் கேட்டார். சார்ஜா என்றதும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார்.

"பவர் வந்தாலும் ஆகாதுங்க. நஞ்சை பூமியாச்சே."

அப்பா தன் பெயரிலேயே வாங்கியிருக்கலாம். பெரியவருக்கு அதில் மனமில்லை. "எனக்கு எழுபது முடிஞ்சுதுங். இன்னொருக்கா எம் பேர்ல ஏத்தி, இன்னொருக்கா எறக்கறதுக்கா?" என்றார். மகள் வடவள்ளியில் இருக்கிறாள், பள்ளிக்கூட ஆசிரியை. வாரம் தவறாமல் சனிக்கிழமை வந்து கணக்குப் பார்க்கிறவள் அவள்தான். ஆட்களுக்குக் கூலி போட்டு அனுப்புவதும் அவள்தான்.

நான் இருக்கும்போதே வீடியோ அழைப்பு வந்தது. திரையில் பையன். அவனுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கட்டில்; அறையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"பாப்பா பேர்ல எழுதிரலாம்னு இருக்கறங் கண்ணு. நீ பணம் அனுப்புனா அது அவளுக்குக் குடுத்ததுதான். உனக்குன்னு ஒன்னுமில்ல. வக்கீலு செரியாச் சொல்லிப்போட்டாரு. யோசிச்சுச் சொல்லு."

கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பெரியவர் போனை ஆட்டிப் பார்த்தார்.

"அவ தண்ணி உடுவாளாப்பா நம்ம பக்கத்துக்கு?"

"உடாம? உம்பட தங்கச்சிதான?"

"செரிங்ப்பா. எழுதிருங்க." மறுபடி கொஞ்சம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "போனத் திருப்புங்ப்பா. கெணறு தெரியறாப்ல."

பெரியவருக்குக் கேமராவைத் திருப்பத் தெரியவில்லை. போனையே தூக்கிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிணற்று மேட்டுக்கு நடந்தார்.